ஒரு அனுமதிக் கடிதமும் அதற்கான அலைச்சலும்

மனிதர்களிடம் நடத்தும் ஆய்வுகளைப் பரிசீலித்து அனுமதி தரும் மருத்துவக் கல்லூரி எத்திக்ஸ் கமிட்டியின் கடிதம் கைக்கு வந்து சில வாரங்கள் ஆகின்றன. கோபம் இன்னும் முழுதாக அடங்கவில்லை. கலைப்புலத்தில் பி.எச்.டி. செய்துகொண்டு நோயாளிகளிடம் பேசப் போகிறவர்கள் யாராவது இதைப் படித்தால் அவர்களுக்காவது அலைச்சல் குறையட்டும் என்றுதான் எழுதுகிறேன். எந்தக் கல்லூரி என்பது வேண்டாம்.

என் துறை சமூகவியல். வாரத்துக்கு இரண்டு மூன்று தடவை டயாலிசிஸுக்கு வருகிறவர்களும் அவர்கள் வீட்டாரும், சிகிச்சையைத் தொடர்வதா, தடவையைக் குறைப்பதா, நிறுத்திவிடுவதா என்பதை எப்படி முடிவு செய்கிறார்கள் என்பதுதான் ஆய்வு. முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்தில் டயாலிசிஸ் செலவு கழிந்துவிடும். பஸ் செலவும், கூட வருகிறவர் இழக்கிற கூலியும் எந்தக் கணக்கிலும் ஏறுவதில்லை. அதைக் கேட்கத்தான் போகிறேன். ஊசி கிடையாது, மருந்து கிடையாது, ரத்தம் எடுப்பது கிடையாது. பேச்சு மட்டும்தான்.

பல்கலைக்கழகத்தில் டாக்டரல் கமிட்டி மறுபேச்சில்லாமல் ஒப்புக்கொண்டது. சிக்கல் அதற்குப் பிறகு.

எத்திக்ஸ் கமிட்டி அலுவலகம் டீன் அலுவலகத்தை ஒட்டிய ஒரு அறை. அங்கிருந்த கிளார்க் கோப்பைத் திறக்காமலே, "டீன் பர்மிஷன் லெட்டர் எங்கே?" என்றார். டீன் அலுவலகத்துக்குப் போனேன். "எத்திக்ஸ் க்ளியரன்ஸ் இல்லாம டீன் எப்படிம்மா கையெழுத்துப் போடுவார்?" என்றார் உதவியாளர். திரும்பி வந்தால், "அதெல்லாம் எனக்குத் தெரியாது மேடம், செக்லிஸ்ட்ல இருக்கு, வேணும்" என்று கிளார்க் கோப்பைத் திருப்பித் தள்ளினார். அடுத்தடுத்த அறையில் உட்கார்ந்திருக்கும் இருவர் ஒரு தடவை பேசிக்கொண்டிருந்தால் அன்றைக்கே தீர்ந்திருக்கும். பேசவில்லை. நான் ஊருக்குத் திரும்பிப் போய், மறுபடி வந்து, அதே பதிலை அதே இரண்டு இடத்தில் கேட்டேன்.

வழி சொன்னவர் சிறுநீரகவியல் துறையில் என் ஆய்வுக்கு இணை ஆய்வாளராக இருக்கச் சம்மதித்த மருத்துவர். "எத்திக்ஸ் கமிட்டியின் ஒப்புதலுக்கு உட்பட்டு ஆட்சேபணை இல்லை" என்ற ஒரே வரியை டீனிடம் வாங்குங்கள் என்றார். அந்த வரி இருந்தால் இரண்டு பக்கமும் மறுக்க முடியாது. வெளியாளாக இருந்தால் உள்ளே இப்படி ஒருவர் இல்லாமல் விண்ணப்பத்தை வாங்கவே மாட்டார்கள். அவரை முதலில் தேடுங்கள், காகிதமெல்லாம் பிறகு.

அடுத்தது விண்ணப்பப் படிவம். புது மருந்துச் சோதனைக்காகத் தயாரித்தது. மருந்தின் பெயர், அளவு, பிளாசிபோ (மருந்தில்லாத போலி மாத்திரை) உண்டா, எத்தனை மில்லி ரத்தம் என்று பக்கம் பக்கமாகக் கட்டங்கள். "பொருந்தாது" என்று எழுதியதை கிளார்க் ஏற்கவில்லை, காலியாக விட்டதையும் ஏற்கவில்லை. போதாக்குறைக்கு சி.டி.ஆர்.ஐ. எனும் மருத்துவச் சோதனைகளுக்கான தேசியப் பதிவேட்டின் பதிவு எண் கேட்டார். மருத்துவச் சோதனைகளுக்கு 2009 ஜூனிலிருந்து அந்தப் பதிவு கட்டாயம்தான். ஆனால் நான் செய்வது நேர்காணல். அதுவும் போக, எத்திக்ஸ் கமிட்டி ஒப்புதலைக் காட்டாமல் சி.டி.ஆர்.ஐ. பதிவு எண் கிடைக்காது. டீன் கடிதத்தில் பட்ட அதே பாடு இங்கேயும்.

இந்த இடத்தில் எனக்குக் கைகொடுத்தது இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமான ஐ.சி.எம்.ஆரின் 2017-ஆம் ஆண்டு தேசிய ஆய்வு நெறிமுறைகள். அதன் ஒன்பதாம் பிரிவு முழுவதும் சமூக, நடத்தை அறிவியல் ஆய்வுகள் பற்றியது. எத்திக்ஸ் கமிட்டிகளுக்காக ஐ.சி.எம்.ஆர். வெளியிட்ட பொதுப் படிவங்களிலும் இந்த வகை ஆய்வுக்கென்று தனிப் படிவம் இருக்கிறது. இரண்டையும் அச்செடுத்து, உரிய பக்கத்தில் கொடி ஒட்டி, கமிட்டியின் செயலரான மெம்பர் செக்ரட்டரியை நேரில் பார்த்து வைத்தேன். புரட்டிப் பார்த்துவிட்டு, "இதையே ஃபில் பண்ணிக் கொடுங்க" என்றார். அவ்வளவுதான். அந்தப் பக்கங்களை முதல் நாளே கொண்டு போகச் சொல்லி யாராவது சொல்லியிருக்கலாம். நீங்கள் கொண்டு போங்கள்.

ஆய்வு நெறிப் பயிற்சிச் சான்றிதழும் கேட்டார்கள். சென்னையில் உள்ள ஐ.சி.எம்.ஆர். தேசியத் தொற்றுநோயியல் நிறுவனம் நடத்தும் அடிப்படை ஆய்வுப் படிப்பை இணையத்தில் முன்பே முடித்திருந்தேன். அதைக் காட்டியதும் ஒப்புக்கொண்டார்கள்.

கூட்டத்துக்குத் தேதி கொடுத்தார்கள். விடியற்காலைப் பஸ் பிடித்துப் போய் மதியம் வரை வராந்தாவில் உட்கார்ந்திருந்தேன். மூன்று மணிக்கு உதவியாளர் வந்து, "இன்னைக்கு கோரம் இல்லை, மீட்டிங் கேன்சல்" என்றார். கூட்டம் நடக்கக் குறைந்தது ஐந்து உறுப்பினர்கள் வேண்டும். அவர்களில் கல்லூரியைச் சேராதவரும் மருத்துவரல்லாதவரும் இருக்க வேண்டும். வெளியிலிருந்து வரவேண்டிய சட்ட உறுப்பினர் வரவில்லை. விதியில் எனக்கு ஒரு குறையும் இல்லை. ஒரே கல்லூரி ஆட்களே கூடி, தங்கள் கல்லூரி ஆய்வுக்குத் தாங்களே சரி சொல்லிக்கொள்வதைத் தடுக்கிற விதி அது. ஆனால் அவர் வரமாட்டார் என்று முந்தின நாளே தெரிந்திருக்கிறது. விண்ணப்பத்தில் என் கைபேசி எண் இருந்தது. ஒரு ஃபோன் செய்திருக்கலாம். கூட்டத்துக்கு முந்தின மாலை நீங்களே கூப்பிட்டு உறுதி செய்துகொள்ளுங்கள்.

அடுத்த கூட்டத்துக்குள் என் கோப்பு காணாமல் போயிருந்தது. "நீங்க சப்மிட்டே பண்ணலையே" என்றார்கள். தபால் பிரிவில் கவரிங் லெட்டரின் நகலில் இன்வர்ட் நம்பரும் சீலும் வாங்கி வைத்திருந்தேன். அதைக் காட்டிய பிறகு அலமாரியில் வேறு துறைக் கட்டுக்குள்ளிருந்து கோப்பு வந்தது. சீல் வாங்காமல் எந்தக் காகிதத்தையும் கொடுக்காதீர்கள்.

கமிட்டியைப் பற்றித்தான் அதிகம் சொல்ல வேண்டும். அலுவலகத்தைப் பார்த்துப் பழகிவிட்டு, உள்ளேயும் அப்படித்தான் இருக்கும் என்று நினைத்துப் போனேன். இல்லை.

முதல் கேள்வி ஒரு மருத்துவரிடமிருந்து. "சோஷியாலஜி ஸ்டூடண்டுக்கு டயாலிசிஸ் யூனிட்ல என்ன வேலை?" இதற்கு என்னிடம் பதில் இருந்தது. 1960-இல் அமெரிக்காவின் சியாட்டில் நகரில் ஸ்க்ரிப்னர் என்ற மருத்துவர் கையில் நிரந்தரமாகப் பொருத்தும் குழாயைக் கொண்டுவந்தார். நாள்பட்ட சிறுநீரகச் செயலிழப்பு உள்ளவர்களுக்கு மறுபடி மறுபடி டயாலிசிஸ் செய்யலாம் என்ற நிலை அதனால்தான் வந்தது. இயந்திரங்கள் கொஞ்சம், நோயாளிகள் நிறையப் பேர். யாருக்குக் கொடுப்பது என்று தீர்மானிக்க ஏழு பேர் குழு ஒன்றை அமைத்தார்கள். வக்கீல், பாதிரியார், வங்கியாளர், இல்லத்தரசி, அரசு அதிகாரி, தொழிற்சங்கத் தலைவர், அறுவை மருத்துவர். வயது, குடும்பம், வேலை, வருமானம் எல்லாம் பார்த்து ஆள் தேர்ந்தார்கள். 1962-இல் லைஃப் பத்திரிகை அதை வெளியே கொண்டுவந்தபோது பெரிய விவாதம் எழுந்தது. 1972-இல் அமெரிக்க அரசே ஏறக்குறைய எல்லோருக்கும் டயாலிசிஸ் செலவை ஏற்கும் சட்டம் வந்த பிறகுதான் அந்தத் தேர்வு ஓய்ந்தது. அதே ஊரில் வாஷிங்டன் பல்கலைக்கழக மருத்துவப் பள்ளியில் இன்று உயிரியல் அறவியலுக்கும் மானிடப் புலங்களுக்கும் என்றே ஒரு துறை இருக்கிறது. டயாலிசிஸ் தொடங்கிய நாளிலிருந்தே யாருக்குக் கிடைக்கிறது, யார் முடிவெடுக்கிறார்கள் என்ற கேள்வியும் கூடவே வந்திருக்கிறது சார், அதைத்தான் நம் ஊரில் கேட்கிறேன் என்றேன். அவர் தலையசைத்துக் குறித்துக்கொண்டார். அன்றைக்கு எனக்குக் கிடைத்த முதல் நிம்மதி அது.

என் ஆய்வையே மாற்றிய கேள்வி கமிட்டியின் பொதுமக்கள் பிரதிநிதியிடமிருந்து வந்தது. ஓய்வுபெற்ற தலைமையாசிரியை. டயாலிசிஸ் ஓடும் நேரத்திலேயே நேர்காணல் என்று எழுதியிருந்தேன். பல ஆய்வுகளில் அப்படித்தான் செய்கிறார்கள், நோயாளிக்கும் தனியாக ஒரு நாள் வீணாகாது. அவர் கேட்டார்: "அவங்க கையில ஊசி ஏத்தி மெஷின்ல மாட்டியிருக்கு. நாலு மணி நேரம் எந்திரிச்சுப் போக முடியாது. உங்களோட பேசப் பிடிக்கலைன்னா எங்கம்மா போவாங்க?"

அறையில் யாரும் பேசவில்லை. சம்மதம் என்பது மறுக்க முடிகிற இடத்தில் கேட்டால்தான் சம்மதம். நெறிமுறைப் புத்தகங்களில் எத்தனையோ தடவை படித்த விஷயத்தை அந்த அம்மா படுக்கையோடு சேர்த்துக் காட்டிவிட்டார். உளநல மருத்துவர் தொடர்ந்தார்: "ஒருத்தர் உங்ககிட்ட நான் டயாலிசிஸை நிறுத்திட்டுச் சாகப்போறேன்னு சொன்னா, ரகசியம் காப்பீங்களா, யாரிடமாவது சொல்வீங்களா?"

திருத்தங்களோடு ஒப்புதல் என்று முடிவானது. ஊசி ஏறிய பிறகு யாரிடமும் சம்மதம் கேட்கக் கூடாது. காத்திருக்கும் நேரத்தில் தகவல் தாளைக் கொடுத்து வீட்டுக்கு எடுத்துப் போகச் சொல்ல வேண்டும். அடுத்த வருகையில்தான் கேட்க வேண்டும். சிகிச்சை தரும் மருத்துவரோ டெக்னீஷியனோ அழைக்கக் கூடாது, ஏனென்றால் அவர்களிடம் மறுப்பது கடினம். நோயாளி மனமுடைந்து பேசினால் பதிவை நிறுத்துவது, அவரிடம் சொல்லிவிட்டே உளநலத் துறைக்கு அனுப்புவது, அரசின் மனநல உதவித் தொலைபேசியான டெலி மனஸ் 14416 எண்ணைக் கொடுப்பது என்று ஒரு நடைமுறையை எழுதித் தர வேண்டும். அதற்கு உளநலத் துறையின் ஒப்புதல் கடிதமும் வாங்க வேண்டும். பஸ் செலவுக்கு எவ்வளவு கொடுப்பேன் என்பதையும் தொகையாக எழுதச் சொன்னார்கள். அது ஆசை காட்டுவதாக ஆகிவிடக் கூடாது என்று அதையும் அவர்களே பார்த்து ஒப்புக்கொள்வார்கள்.

எல்லாவற்றையும் எழுதி, எந்தக் கேள்விக்கு எந்தப் பக்கத்தில் பதில் என்று அட்டவணை போட்டுக் கொடுத்தேன். கிளார்க் திருப்பிவிட்டார். சம்மதப் படிவத்தின் தமிழ்ப் பிரதியிலும் ஆங்கிலப் பிரதியிலும் பதிப்பு எண் ஒன்றாக இருந்தும், மொழிபெயர்ப்பாளர் சான்றிதழின் தேதி வேறாக இருந்ததாம். எங்கும் எழுதப்படாத விதி. மறுபடி அச்செடுத்து, மறுபடி கையெழுத்து. எல்லாக் காகிதத்திலும் ஒரே தேதி போட்டுவிடுங்கள், வாதாடி நேரம் போக்காதீர்கள்.

இப்போது வார்டுக்குப் போய்க்கொண்டிருக்கிறேன். தகவல் தாளைப் படித்துவிட்டு ஒரு பெரியவர் கேட்டது: "இதுல கையெழுத்துப் போட்டா வாரம் மூணு தடவையா ஆக்கிக் கொடுப்பாங்களா கண்ணு?" கையெழுத்திட்டாலும் இடாவிட்டாலும் சிகிச்சை மாறாது என்ற வரி தாளில் தடித்த எழுத்தில் இருக்கிறது. எழுத்தில் இருந்தால் போதாது. முதல் வாக்கியமாக வாயால் சொல்ல வேண்டும், அவர்கள் திருப்பிச் சொல்லும்வரை சொல்ல வேண்டும். இன்னொரு அம்மா தாளை வீட்டுக்கு எடுத்துப் போய், பேத்தியைப் படிக்கச் சொல்லிக் கேட்டுவிட்டு, அடுத்த முறை திருப்பிக் கொடுத்தார். "வேண்டாம் கண்ணு. இதையெல்லாம் பேசினா ராத்திரி தூக்கம் வராது." படுக்கையில் வைத்துக் கேட்டிருந்தால் அவர் பேசியிருப்பார் என்று எனக்கு உறுதியாகத் தோன்றுகிறது. தலைமையாசிரியை அம்மாவுக்கு நன்றி சொல்ல வேண்டும் என்று நினைத்தேன். கமிட்டி உறுப்பினரை ஆய்வாளர் தனியே சந்திப்பது சரியல்ல என்பதால் மெம்பர் செக்ரட்டரிக்கு எழுதிய கடிதத்தில் சேர்த்திருக்கிறேன்.

இந்தப் பேச்சுகளிலிருந்து கேள்விப் பட்டியலில் இரண்டு கேள்விகள் கூடுகின்றன. ஒப்புதல் பெற்ற ஆய்வில் ஒரு கேள்வியைச் சேர்க்கவும் கமிட்டிக்குத் திருத்த விண்ணப்பம் கொடுக்க வேண்டும், அவர்கள் சரி சொல்லும்வரை புதுக் கேள்வியை யாரிடமும் கேட்கக் கூடாது. விண்ணப்பம் தயார், கவரிங் லெட்டர் இரண்டு பிரதி. திங்கட்கிழமை தபால் பிரிவு திறந்ததும் கொடுக்கிறேன்.