பேச்சும் கோயில் வாசலும்

மேடையில் சமத்துவம் பேசினால் கைதட்டல் கிடைக்கும்; சொந்த ஊரில், உறவினர் கண்முன்னே அதைச் செய்து காட்டும்போதுதான் அடிவயிறு கலங்கும். ஆலயப் பிரவேசத்தை ஊர் ஊராக வலியுறுத்தி வந்த மதுரை அ. வைத்தியநாத ஐயர், 1939 ஜூலை 8 அன்று, பின்னாளில் அமைச்சரான கக்கன் உள்ளிட்ட ஒடுக்கப்பட்ட வகுப்பினர் ஐவரையும் நாடார் ஒருவரையும் அழைத்துக்கொண்டு மீனாட்சியம்மன் கோயிலுக்குள் நுழைந்தார். வழக்கு வரலாம், சாதியார் ஒதுக்கி வைக்கலாம் என்பதெல்லாம் வழக்கறிஞரான அவருக்குத் தெரியாததல்ல.

அவர்களைத் தடுக்காமல் வரவேற்ற நிர்வாக அதிகாரி ஆர். எஸ். நாயுடுவின் துணிவு எனக்கு இன்னும் பெரிதாகப் படுகிறது (மாதச் சம்பளக்காரர்களுக்கு இது புரியும்). அந்த நுழைவை அனுமதிக்கும் சட்டம் மதுரைக்கு அப்போது இல்லை. அவரைப் போன்றோரை வழக்குகளிலிருந்து காக்கும் அவசரச் சட்டத்தை ராஜாஜி அரசு அதற்குப் பிறகுதான் கொண்டு வந்தது. பட்டர்களில் சிலரோ பூஜை செய்யவே மறுத்தார்கள்.

வீட்டு வேலைக்கு வருபவர்கள் லிஃப்டில் ஏறக்கூடாது என்ற எங்கள் குடியிருப்பின் விதியை இங்கே பலமுறை கண்டித்து எழுதியிருக்கிறேன். அதை நீக்கக் கோரும் தீர்மானத்தை இன்று என் பெயரில், கையெழுத்திட்டுச் சங்கத்தில் கொடுத்துவிட்டேன். கூட்டம் ஞாயிற்றுக்கிழமை, செயலாளர் என் எதிர்வீட்டுக்காரர்.