கொனோமா: ஓர் அங்காமி ஊரின் வழக்கங்கள்

நாகாலாந்தின் தலைநகரான கோஹிமாவிலிருந்து மேற்கே ஏறத்தாழ 20 கிலோமீட்டர் தொலைவில், அங்காமி நாகர்களின் கொனோமா என்னும் மலையூர் இருக்கிறது. 1879-80இல் ஆங்கிலேயப் படையை மாதக்கணக்கில் எதிர்த்து நின்ற ஊர் என்றே பலரும் இதனை அறிவார்கள். என்னை ஈர்த்ததோ, இவ்வூரார் நிலத்தைப் பேணும் முறை.

மலைச்சரிவுக் காட்டைத் திருத்திப் பயிரிடும்போது ஆல்டர் மரங்களை அவர்கள் அடியோடு வெட்டுவதில்லை. கிளைகளை மட்டும் கழித்துவிட, முண்டும் முடிச்சுமாகப் பருத்த அடிமரம் மீண்டும் துளிர்க்கிறது. அதன் வேர்முடிச்சுகள் காற்றிலுள்ள நைட்ரஜனை மண்ணில் சேர்ப்பதால், நிலம் விரைவில் வளம் மீள்கிறது.

முற்காலத்தில் செல்வம் சேர்த்தவர், ஊருக்கே பெருவிருந்து படைத்த பிறகுதான் வீட்டு முகப்பில் விலங்கின் கொம்பு போன்ற மரச் செதுக்கல்களைப் பொருத்தவும் தனிச் சால்வை அணியவும் உரிமை பெற்றார். அவர் நினைவாக ஊரார் கூடி இழுத்து வந்து நட்ட நெடுங்கற்கள் அங்காமி ஊர்களில் இன்றும் நிற்கின்றன. சேர்த்ததைப் பகிர்ந்தவருக்கே மதிப்பு என்ற இந்த ஏற்பாட்டை நான் மிக உயர்வாகக் கருதுகிறேன். கிறித்தவம் பரவிய பின் அவ்விருந்துகள் மறைந்தாலும், பிப்ரவரியில் வரும் செக்ரென்யி என்னும் தூய்மைத் திருவிழா தொடர்கிறது.

வேட்டையைப் பெருமையாகக் கருதிய இவ்வூராரே 1998இல் அதற்குத் தடை விதித்து, அருகிவரும் டிராகோபன் பறவைக்காகத் தங்கள் காட்டில் சரணாலயம் அமைத்தார்கள்.