தங்கச்சிமடத்தில் கேட்ட கொழும்பு ஸ்கோர்

ராமேஸ்வரம் தீவில் எங்கள் பக்கம் அப்போதெல்லாம் ரேடியோ முள்ளைத் திருப்பினால் மதுரைக்கு முன்னால் கொழும்புதான் வந்து நிற்கும். மத்திய அலை (மீடியம் வேவ்) ஒலிபரப்பு நிலத்தைவிட உப்புத்தண்ணீர்மேல் வலுக்குறையாமல் வெகுதூரம் ஓடும், நமக்கும் இலங்கைக் கரையில் உள்ள தலைமன்னாருக்கும் நடுவில் இருப்பதோ கொஞ்சம் கடல், அவ்வளவுதான் ரகசியம். 1925-ல் தொடங்கி 1967-ல் கூட்டுத்தாபனமான அந்த இலங்கை வானொலியைப் பாட்டுக்காகத்தான் எல்லோரும் நினைக்கிறார்கள். எனக்கு அது கிரிக்கெட்.

1996 மார்ச் 17, லாகூரில் உலகக்கோப்பை ஃபைனல். பாதியில் கரண்ட் போய்விட்டது (எப்போது போகாமல் இருந்தது?). சித்தப்பா டிரான்சிஸ்டரைத் தூக்கிக்கொண்டு வாசலுக்கு வந்து, இப்படித் திருப்பி அப்படித் திருப்பி, ஒருவழியாகச் சத்தம் தெளிந்ததும் யாரும் தொடக்கூடாது என்று மிரட்டினார். உள்ளே ஏரியலாக இருக்கும் ஃபெரைட் கம்பி நிலையத்துக்குக் குறுக்காக இருந்தால்தான் நன்றாக எடுக்கும் என்பதெல்லாம் எனக்குப் பின்னால்தான் தெரியும். வர்ணனை சிங்களத்தில். புரிந்தது 'அரவிந்த' என்ற பெயரும் கூட்டத்தின் இரைச்சலும் மட்டும். இலங்கை பேட்ஸ்மேன் அரவிந்த டி சில்வா ஆட்டமிழக்காமல் 107, இலங்கை ஏழு விக்கெட்டில் ஜெயித்தது.

தமிழில் கேட்க வேண்டுமென்றால் சேப்பாக்கத்தில் மேட்ச் வரும்வரை காத்திருக்க வேண்டியிருந்தது, அப்போதுதான் தமிழ் வர்ணனையாளர் அப்துல் ஜப்பாரின் குரல் வரும். அதைக் கேட்க மட்டும் சித்தப்பா வலைவேலையை ஓரங்கட்டிவிடுவார்.