ரோபோவுக்கு ஒரு சென்சார் போர்டு: இதுவரை நடந்தது

ஜம்பர் ஒயர்களை நம்பிப் போட்டிக்குப் போகும் ரோபோ மேசையில் அழகாக ஓடும், களத்தில் ஒரு மோதலோடு நின்றுவிடும். எந்த ஒயர் பாதி கழன்றது என்று தேடி முடிப்பதற்குள் அடுத்த சுற்றுக்குக் கூப்பிட்டுவிடுவார்கள். இதற்காகவே எங்கள் ரோபோவின் சென்சார்கள் எல்லாம் வந்து சேரும்படி ஒரு போர்டு செய்ய இறங்கினேன். அளவுகளைச் சேகரித்து, சுத்தம் செய்து, கேன் பஸ் (பல போர்டுகள் இரண்டு ஒயரில் பேசிக்கொள்ளும் முறை) வழியாக மெயின் கன்ட்ரோலருக்கு அனுப்புவது மட்டும்தான் அதன் வேலை. முடிவெடுக்கும் வேலை எதுவும் அதற்குக் கிடையாது. முதல் போர்டு இப்போது மேசைமேல் ஒழுங்காக ஓடுகிறது, ரோபோவில் ஏற்றும் வேலை பாக்கி.

வந்து சேர வேண்டியவை இவை: நான்கு சக்கரங்களுக்கு நான்கு என்கோடர் (சுழற்சியை எண்ணும் சென்சார்), தரையில் கோட்டைப் பார்க்க எட்டுக் கண் கொண்ட அகச்சிவப்புப் பட்டை, நான்கு பக்கமும் தூரம் அளக்க விஎல்53எல்0எக்ஸ் லேசர் சென்சார்கள், இடித்தால் சொல்ல நான்கு லிமிட் ஸ்விட்ச். மூளையாக ஆர்பி2040 சிப் உள்ள ராஸ்பெரி பை பிக்கோவை எடுத்தேன். எத்தனை பின் (சிப்பின் இணைப்புக் கால்) வேண்டும் என்று கணக்குப் போட்டபோது சிரிப்பு வந்தது. என்கோடருக்கு 8, ஸ்விட்சுக்கு 4, கோட்டுப் பட்டையைப் படிக்கும் எஸ்பிஐ இணைப்புக்கு 4, லேசர் சென்சார்களோடு பேசும் ஐ2சி இணைப்புக்கு 2, லேசர் சென்சார்களை அணைத்து எழுப்ப 4, கேனுக்கு 2, பட்டையின் எல்இடிக்கு 1. மொத்தம் 25. பிக்கோவில் வெளியே கிடைப்பது 26. மிச்சமிருந்த ஒன்றில் ஒரு நிலை விளக்கு. டீபக் செய்ய (நிரலில் பிழை தேட) யுஎஸ்பி இருக்கிறது, அதற்கென்றே உள்ள எஸ்டபிள்யுடி பின்களும் தனியாக இருக்கின்றன, அதனால் நெருக்கடி இல்லை.

என்கோடரில் இருந்து தொடங்குகிறேன், நேரம் அதிகம் போனது அதில்தான். மோட்டார் தண்டு ஒரு சுற்றுக்கு 64 எண்ணிக்கை தரும் வகை. கியர் 50:1, ஆக சக்கரம் ஒரு சுற்றுக்கு 3200. சக்கரத்தின் விட்டம் 100 மி.மீ. என்பதால் ஒரு எண்ணிக்கைக்கு ஏறக்குறைய 0.1 மி.மீ. நகர்வு. துல்லியம் போதும், வேகம்தான் கவலை. மோட்டார் நிமிடத்துக்கு 10,000 சுற்று ஓடினால் விநாடிக்கு 10,667 எண்ணிக்கை, நான்கும் சேர்ந்தால் 42,000க்கு மேல். ஒவ்வொன்றுக்கும் இன்டரப்ட் (பிராசசரை இடைமறித்துக் கூப்பிடுவது) வைத்தால் சிப் திணறாது என்றாலும் மற்ற வேலைகளின் நேரம் ஆடும். ஆர்பி2040-இல் பிஐஓ என்ற இரண்டு சிறு தொகுதிகள் இருக்கின்றன, ஒவ்வொன்றிலும் நான்கு ஸ்டேட் மெஷின் (பிராசசரை எதிர்பார்க்காமல் சிறு நிரலை ஓட்டும் பகுதி). நான்கு என்கோடரையும் ஒரு தொகுதிக்குக் கொடுத்துவிட்டால் எண்ணும் வேலை பிராசசரைத் தொடவே தொடாது. ஒரே நிபந்தனை, ஒரு என்கோடரின் இரண்டு ஒயர்களும் அடுத்தடுத்த பின்களில் வர வேண்டும். போர்டில் தடம் இழுக்கும்போது இது கொஞ்சம் படுத்தியது.

அப்புறம் மோட்டாரின் இரைச்சல். பிரஷ் உள்ள மோட்டார் ஓடும்போது பக்கத்தில் போகும் சிக்னல் ஒயரில் கூர்மையான முட்கள் கிளம்பும். ஆசிலோஸ்கோப்பில் பார்த்தால் சதுர அலையின் ஓரத்தில் அவை தெரியும். சும்மா நிற்கும் சக்கரம்கூட ஊர்வதாக எண்ணிக்கை சொல்லும். இதற்கு ஒவ்வொரு வரியிலும் 1 கிலோ ஓம் ரெசிஸ்டர், 4.7 நானோஃபேரட் கெபாசிட்டர், அதற்குப் பிறகு 74எல்விசி14 என்ற ஷ்மிட் டிரிகர் (தடுமாறும் சிக்னலைத் தெளிவான உயர்வு-தாழ்வாக்கும்) சிப். இந்த வடிகட்டியின் நேர மாறிலி 4.7 மைக்ரோவிநாடி. முழு வேகத்திலும் இரண்டு எண்ணிக்கைகளுக்கு நடுவே 94 மைக்ரோவிநாடி கிடைப்பதால் உண்மையான அலை தப்பாது, முள் மட்டும் மழுங்கிவிடும். என்கோடர் 5 வோல்ட், ஆர்பி2040 3.3 வோல்ட் என்ற சிக்கலையும் இதே சிப் தீர்த்துவிடுகிறது. 3.3 வோல்ட்டில் ஓடினாலும் உள்ளீட்டில் 5 வோல்ட்டைத் தாங்கும். அது தலைகீழாக்கும் சிப்தான், ஆனால் இரண்டு வரியும் சேர்ந்து தலைகீழாவதால் சுற்றும் திசை மாறாது. ஒரு சிப்பில் ஆறு வாசல் (கேட்), இரண்டு சிப்பில் பன்னிரண்டு. என்கோடருக்கு எட்டு போக மீதி நான்கும் லிமிட் ஸ்விட்சுகளுக்குச் சரியாகப் பொருந்தின. இப்படி ஒன்றும் மிச்சமில்லாமல் கணக்கு தீர்வதில் தனி சந்தோஷம்.

கோட்டுப் பட்டைக்கு ஆர்பி2040-இன் சொந்த ஏடிசி (அனலாக் அளவை எண்ணாக்கும் பகுதி) சரிப்படாது. பிக்கோவில் மூன்று அனலாக் பின்தான் வெளியே வருகிறது. அதோடு 512, 1536, 2560, 3584 ஆகிய மதிப்புகள் அருகே அதன் ஏடிசி சற்றுத் தடுக்கும், தயாரிப்பாளரின் தரவுத்தாளிலேயே பதிவான குறை அது. ஆகவே எம்சிபி3008 என்ற தனி ஏடிசி சிப். எட்டு வழி, 10 பிட். 1 மெகாஹெர்ட்ஸில் ஒரு வழிக்கு 24 பிட், அதாவது 24 மைக்ரோவிநாடி. எட்டையும் எடுக்க 0.2 மில்லிவிநாடிகூட ஆகாது. நேரம் தாராளமாக இருப்பதால் எல்இடியை எரியவிட்டு ஒரு முறை, அணைத்து ஒரு முறை அளந்து, இரண்டையும் கழிக்கிறேன். மேலே விளக்கு மாறினாலும் பெரிதாகக் கெடுவதில்லை. பட்டையும் 3.3 வோல்ட்டிலேயே ஓடுகிறது.

லேசர் சென்சார்கள் வேறு வகைத் தலைவலி. நான்கும் பிறக்கும்போதே ஹெக்ஸ் 29 என்ற ஒரே முகவரியோடு வருகின்றன. எல்லாவற்றையும் எக்ஸ்ஷட் என்ற அணைப்புப் பின் மூலம் அணைத்துவிட்டு, ஒவ்வொன்றாக எழுப்பிப் புது முகவரி கொடுக்க வேண்டும். மின்சாரம் போய் வந்தால் பழைய முகவரிக்கே திரும்பிவிடும் என்பதால் இது ஒவ்வொரு தொடக்கத்திலும் நடக்கும். இதில் ஒரு லாபமும் உண்டு. பாதி உரையாடலில் மைக்ரோகன்ட்ரோலர் ரீசெட் ஆனால், சென்சார் தரவு வரியைத் தாழ்வாகப் பிடித்துக்கொண்டு நிற்கும், பஸ் முழுவதும் உறைந்துவிடும். வழக்கமாக இதற்கு ஒன்பது கிளாக் துடிப்பு அனுப்பி விடுவிப்பார்கள். இங்கே முதல் வேலையே நான்கையும் அணைப்பது என்பதால் அந்தப் பிடி தானாக விட்டுப்போகிறது. புல்-அப் ரெசிஸ்டர்களுக்கு (ஐ2சி வரியை உயர்வில் நிறுத்துபவை) போர்டில் இடம் மட்டும் விட்டிருக்கிறேன், போடவில்லை. சென்சார் பலகைகளிலேயே ஆளுக்கு 10 கிலோ ஓம் இருக்கிறது. நான்கும் இணையாகச் சேர்ந்து 2.5 கிலோ ஓம், என் ஒயர் நீளத்துக்கு 400 கிலோஹெர்ட்ஸில் அலை நன்றாகவே எழுகிறது.

ஆர்பி2040-இல் கேன் கன்ட்ரோலர் கிடையாது. கேன்2040 என்ற திறந்த மூல நிரல் மீதமிருந்த பிஐஓ தொகுதியை வைத்தே கேன் பேசிவிடுகிறது. வெளியே ஒரு 3.3 வோல்ட் டிரான்சீவர் (சிக்னலைக் கேன் ஒயருக்கு ஏற்ப மாற்றும்) சிப் போதும். 1 மெகாபிட் வேகத்தில் எட்டு பைட் செய்தி ஒன்றுக்கு அதிகபட்சம் 135 மைக்ரோவிநாடி. 5 மில்லிவிநாடிக்கு இரண்டு செய்தி: ஒன்றில் நான்கு என்கோடர்கள், இன்னொன்றில் கோட்டின் இடம், ஸ்விட்சுகள், ஒரு வரிசை எண். தூரம் புதிதாக அளக்க 33 மில்லிவிநாடி ஆகும் என்பதால் அது மெதுவாகத் தனியே போகிறது. என்கோடரில் எவ்வளவு கூடியது என்று அனுப்பாமல் ஓடும் 16 பிட் மொத்தத்தையே அனுப்புகிறேன். ஒரு செய்தி தொலைந்தாலும் அடுத்ததில் கணக்கு சரியாகிவிடும். முழு வேகத்தில்கூட அந்த எண் ஒரு வட்டம் சுற்றி வர ஆறு விநாடி ஆகிறது, பெறும் பக்கத்தில் கழித்துக்கொள்வதில் குழப்பமே இல்லை.

போர்டு வரைந்தது கிகேட் என்ற மென்பொருளில், இரண்டு அடுக்கு. கீழடுக்கு முழுவதும் கிரவுண்ட். மோட்டார் மின்னோட்டம் இந்தப் போர்டு வழியாகப் போகவே கூடாது என்பதில் பிடிவாதமாக இருந்தேன். அச்சுக்கு அனுப்புமுன் வரைபடத்தை அசல் அளவில் காகிதத்தில் எடுத்து, கனெக்டர்களை அதன்மேல் குத்திப் பார்த்தேன். திரையில் நிறைய இடம் இருப்பதுபோலத் தெரிந்த இரண்டு கனெக்டர்கள் காகிதத்தில் விரல் நுழையாத அளவுக்கு நெருங்கியிருந்தன, தள்ளி வைத்தேன். சாலிடர் செய்ததில் சொல்ல ஒன்றுமில்லை. மின்சாரப் பகுதியை மட்டும் முதலில் ஒட்டி, 5 வோல்ட்டும் 3.3 வோல்ட்டும் சரியாக வருவதை மல்டிமீட்டரில் பார்த்த பிறகே மற்ற சிப்களைத் தொட்டேன்.

கனெக்டரில் காசு மிச்சம் பிடிக்க வேண்டாம் என்பது என் கட்சி. ஒரு சிப் செத்துப் போவதைவிட ஒரு பின் தளர்வதுதான் போட்டியில் அடிக்கடி நடக்கிறது. எல்லாமே ஒரு பக்கமாக மட்டும் நுழைபவை. என்கோடரின் நாலு பின் கனெக்டரும் ஐ2சியின் கனெக்டரும் ஒன்றில் மற்றது பொருந்தாதபடி வேறு வேறு வகை. அவசரத்தில் கை எதை எங்கே செருகும் என்று சொல்ல முடியாது.

அடுத்து ரோபோவில் ஏற்ற வேண்டும். கேனின் இரண்டு முனையிலும் 120 ஓம் இருக்கிறதா என்று மின்சாரம் இல்லாதபோது அளக்க வேண்டும், இரண்டு ஒயருக்கும் நடுவே 60 ஓம் காட்டினால் சரி. பிறகு சக்கரங்களைப் பிடித்து நிறுத்தி, மோட்டார் முழு மின்னோட்டம் இழுக்கும்போது வரிசை எண்ணில் எத்தனை விடுபடுகின்றன என்று பார்ப்பேன். பேட்டரி தொய்ந்து 5 வோல்ட் சரிந்தால் உள்ளீட்டில் இன்னும் பெரிய கெபாசிட்டர் போட இரண்டு ஓட்டைகள் காலியாகத் தயாராக இருக்கின்றன.