புதையல் வேட்டை: ஒரு வாரக் குறிப்புகள்

ஜூலை 7, திங்கள்

வெள்ளிக்கிழமை கடைசி இரண்டு பீரியடும் என்னுடையவை. நாடுகள் பாடம் முடிந்தது. திருப்புதல் என்று வாயைத் திறந்தாலே பிள்ளைகள் முகம் வாடிவிடும், அதனால் க்யூஆர் கோடு ஒட்டிப் புதையல் வேட்டை விடலாம் என்று இருக்கிறேன். முப்பது பேர், ஆறு டேப்லெட். குழுவுக்கு ஐந்து பேர்.

வராந்தாவில் வைஃபை எட்டாது. எனவே கோடுக்குள் லிங்க் எதுவும் இல்லை, கேள்வியையே எழுத்தாக உள்ளே வைக்கிறேன். நெட் இல்லாமலே திறக்கும்.

ஒரு கேள்விக்கு மூன்று விடை, மூன்று இடம். ஆஸ்திரேலியாவின் தலைநகர் சிட்னி என்று நினைத்தால் நூலக வாசல், மெல்போர்ன் என்றால் தண்ணீர்த் தொட்டி, கான்பெரா என்றால் மாடிப்படி. தப்பான இடத்தில் இருக்கும் கோடு, "திரும்பிப் போய் யோசிங்க" என்று மட்டும் சொல்லும்.

ஜூலை 8, செவ்வாய்

அச்செடுத்த முதல் தாளை டேப்லெட் கண்டுகொள்ளவே இல்லை. பார்த்தால், கட்டங்கள் கடுகு சைஸில் இருந்தன. இரண்டு கோளாறு, இரண்டும் என்னுடையதே. ஆங்கில எழுத்து ஒரு பைட்டில் (கணினி எழுத்தைச் சேமிக்கும் அலகு) அடங்கிவிடும், தமிழுக்கு அப்படியில்லை. 'ழ' மூன்று பைட், 'கோ' ஆறு. பைட் கூடினால் கட்டங்களும் கூடிச் சிறுத்துவிடும். நானோ கதை சொல்வதுபோல் கேள்வி எழுதியிருந்தேன். போதாக்குறைக்குப் பிழைதிருத்தத்தையும் 'எச்' என்ற உச்ச அளவில் வைத்திருந்தேன். கோடில் சுமார் 30 சதவீதம் அழிந்தாலும் படிக்க வைக்கும் அளவு அது, அதற்காகக் கட்டங்கள் இன்னும் கூடும். சுவரில் மூன்று மணி நேரம் இருக்கப்போகும் தாளுக்கு அவ்வளவு காப்பு எதற்கு? 15 சதவீத அளவான 'எம்'முக்கு இறக்கி, கேள்விகளையும் பாதியாக வெட்டினேன். சட்டென்று திறந்தது.

ஜூலை 9, புதன்

லேமினேட் செய்தேன். டியூப்லைட் பளபளப்பில் கேமரா தடுமாறியது. வெறும் தாளே போதும்.

ஜூலை 10, வியாழன்

பக்கத்து வகுப்பு டீச்சரிடம் திட்டத்தைக் காட்டினேன். "எல்லாரையும் ஒரே இடத்துல தொடங்கவிட்டா, முதல் குழு பின்னாடியே மத்த அஞ்சும் ஓடுமே!" என்றார். நியாயம்தான். ஆறு கேள்விகளையும் வட்டமாகக் கோத்து, குழுவுக்கொரு தொடக்கம் கொடுத்துவிட்டேன்.

நேபாளக் கொடியை எடுத்துவிட்டேன், அதன் வடிவம் எல்லாருக்கும் தெரியும். அதிகாரபூர்வ வரிகளே இல்லாத ஸ்பெயின் தேசிய கீதமும், மூன்று தலைநகரங்கள் வைத்திருக்கும் தென்னாப்பிரிக்காவும், பிரேசில் கொடியின் 27 நட்சத்திரங்களும் இருக்கட்டும்.

ஜூலை 11, வெள்ளி

ஒரே கூச்சல். முதலில் ஓடிவந்த குழு கேள்வியைப் படிக்கவே இல்லை என்பது பிறகுதான் தெரிந்தது. கண்ணில் பட்ட கோடையெல்லாம் ஸ்கேன் செய்துகொண்டே போயிருக்கிறார்கள். "தென்னாப்பிரிக்காவின் நாடாளுமன்றம் எந்த ஊரில்?" என்று கேட்டேன். ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். கேப் டவுனைத் தேடத் திருப்பி அனுப்பினேன். அடுத்த முறை, எழுதிய விடைத்தாளைக் காட்டினால்தான் அடுத்த கோடு.

நான் மறக்காதது கொடிக் கேள்வியைத்தான். மேலே சிவப்பு, கீழே வெள்ளை, பெயர் போடாமல் இரண்டு கொடிகளை ஒட்டியிருந்தேன். எது மொனாக்கோ, எது இந்தோனேசியா? 4:5, 2:3 என்று விகிதம் மட்டும் துப்பு. பையன்கள், எதில் சிவப்பு அடர்த்தி என்று சண்டை போட்டார்கள் (அது பிரிண்டர் மையின் வேலை). ஒரு பெண் பேசாமல் ஸ்கேலை எடுத்து வைத்தாள். இரண்டும் உயரம் 8 செ.மீ., நீளம் ஒன்றில் 10, மற்றதில் 12. "டீச்சர், குட்டையா இருக்கிறதுதான் மொனாக்கோ!"

ஜூலை 14, திங்கள்

தண்ணீர்த் தொட்டியில் ஒரு தாள் இன்னும் தொங்குகிறது.

காலையில் ஒரு பையன், தான் செய்த கோடு என்று கட்டம்போட்ட நோட்டுத் தாளை நீட்டினான். பென்சிலால் பொறுமையாகக் கறுப்படித்திருந்தான். மூலைச் சதுரங்கள் அச்சாக வந்திருந்தன, ஆனால் நான்கு. "மூணுதான்டா இருக்கணும். நாலாவது மூலையில அந்தச் சதுரம் இல்லாம இருந்தாத்தான் எந்தப் பக்கம் மேலேன்னு கேமராவுக்குத் தெரியும்" என்றேன். ரப்பரை எடுத்து அங்கேயே அழித்துவிட்டு, டேப்லெட்டை வாங்கிக் காட்டினான்.

திறக்கவில்லை. தாளைத் திருப்பிப் பிடித்து இன்னொரு தடவை காட்டினான்.