டிஸ்க்கைக் காலி செய்யப் பழக, முதலில் நிரப்புங்கள்: ஆர்எச்சிஎஸ்ஏ படிப்பவர்களுக்கு

லினக்ஸ் சிஸ்டம் நிர்வாகிகளுக்கு ரெட் ஹேட் நிறுவனம் நடத்தும் சான்றிதழ் தேர்வான ஆர்எச்சிஎஸ்ஏவில் நான்கில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கும் கேள்விகள் கிடையாது. ஓடுகிற மெஷினைக் கொடுத்து வேலையைச் செய்து முடிக்கச் சொல்வார்கள். இணையம் இல்லை, மெஷினிலேயே இருக்கும் கட்டளைக் கையேடான மேன் பக்கங்கள்தான் துணை. கேள்விகளை வெளியிட மாட்டோம் என்று ஒப்புக்கொண்டுதான் எழுதுகிறோம், அதனால் என்ன வந்தது என்று கேட்காதீர்கள். ஸ்டோரேஜ் பகுதிக்கு நான் எப்படித் தயாரானேன் என்பதை மட்டும் சொல்கிறேன். வேலைக்கான இன்டர்வியூவிலும் இதே விஷயத்தைத்தான் துருவுவார்கள்.

கட்டளைகளை மனப்பாடம் செய்வதைவிட, டிஸ்க்கை நானே விதவிதமாக நிரப்பிப் பார்த்ததுதான் கைகொடுத்தது. கணினிக்குள் இன்னொரு கணினியை ஓட்டும் விர்ச்சுவல்பாக்ஸில், ரெட் ஹேட் லினக்ஸுக்கு இணையான இலவச ராக்கி லினக்ஸைப் போட்டு, பழைய நிலைக்குத் திரும்ப உதவும் ஸ்னாப்ஷாட் எடுத்துவிட்டால் பயமில்லாமல் நாசம் செய்யலாம்.

அவசியம் செய்துபார்க்க வேண்டியது இது. ஒரே எழுத்தை முடிவில்லாமல் அச்சிடும் யெஸ் கட்டளையின் வெளியீட்டை ஒரு ஃபைலுக்குத் திருப்பிப் பின்னணியில் ஓடவிடுங்கள். சில ஜிபி சேர்ந்ததும் அந்த ஃபைலை ஆர்எம் கொடுத்து அழியுங்கள். ஃபைல்களின் அளவைக் கூட்டிச் சொல்லும் டியூ குறைந்த அளவைக் காட்டும், ஃபைல் சிஸ்டத்தில் நிரம்பிய இடத்தைச் சொல்லும் டிஎஃப் குறையாது, இன்னும் ஏறிக்கொண்டே போகும். ஆர்எம் நீக்குவது பெயரைத்தான். வாசலில் பெயர்ப்பலகையைக் கழற்றினாலும் குடியிருப்பவர் உள்ளேயே இருப்பதுபோல, அந்த ஃபைலைத் திறந்து வைத்திருக்கும் ப்ராசஸ் விடும்வரை இடம் திரும்பாது. திறந்திருக்கும் ஃபைல்களைப் பட்டியலிடும் எல்எஸ்ஓஎஃப் கட்டளைக்கு பிளஸ் எல்1 கொடுத்தால் யார் பிடித்திருக்கிறார்கள் என்று தெரிந்துவிடும். அந்த ப்ராசஸை நிறுத்தினால், அது சர்வீஸ் என்றால் ரீஸ்டார்ட் செய்தால், இடம் கிடைக்கும்.

அதனால் ஓடுகிற லாகை அழிக்காமல் ட்ரங்கேட் கட்டளையால் சுழியமாக்குவது நல்லது. இதிலும் ஒரு நுணுக்கம். யெஸ்ஸை இரட்டை அம்புக்குறியால் திருப்பியிருந்தால் ஃபைல் மறுபடி முதலிலிருந்து வளரும். ஒற்றை அம்புக்குறி என்றால் ப்ராசஸ் பழைய இடத்திலிருந்தே எழுதும். எல்எஸ் பெரிய அளவையும் டியூ சிறிய அளவையும் காட்டும். இரண்டையும் ஓட்டிப் பாருங்கள், சொல்லிப் புரியாது.

அடுத்தது ஐநோட், அதாவது ஒவ்வொரு ஃபைலுக்கும் ஃபைல் சிஸ்டம் வைத்திருக்கும் விவரப் பதிவு. அது தீர்ந்தால் புது ஃபைல் உருவாக்க முடியாது. இடம் இருந்தும் "இடமில்லை" என்று பிழை வந்தால் டிஎஃப்புடன் ஐ ஆப்ஷன் கொடுங்கள். ராக்கியில் வழக்கமாக வரும் எக்ஸ்எஃப்எஸ் ஃபைல் சிஸ்டம், ஐநோட்களைத் தேவைக்கேற்ப உருவாக்கிக்கொள்ளும் என்பதால் இதை அதில் வரவழைப்பது கடினம். ஐநோட் எண்ணிக்கையை முதலிலேயே முடிவு செய்துவிடும் இஎக்ஸ்டி4 ஃபைல் சிஸ்டத்தில் சின்னதாக ஒரு பார்ட்டிஷன் போட்டு, வெற்று ஃபைல்களால் நிரப்புங்கள்.

மென்பொருள்களை நிறுவும் டிஎன்எஃப் சேர்த்துவைத்த கேஷ், சிஸ்டம் லாகான ஜர்னலின் பழைய பகுதி இவற்றை நீக்குவதெல்லாம் ஒரு வரி வேலை, மேன் பக்கமே போதும். பழைய கெர்னலை மட்டும் பூட் அடைவுக்குள் போய்க் கையால் அழிக்காதீர்கள், டிஎன்எஃப் வழியாகவே நீக்குங்கள்.

அழிக்க எதுவுமே இல்லையென்றால் எல்விஎம், அதாவது டிஸ்க் இடத்தைத் தேவைக்கேற்ப வளர்க்கக்கூடிய வால்யூம்களாகப் பிரித்துத் தரும் ஏற்பாடு. வால்யூமை வளர்க்கும் எல்விஎக்ஸ்டெண்ட் கட்டளைக்குச் சிறிய ஆர் ஆப்ஷனைச் சேர்த்தால் ஃபைல் சிஸ்டமும் கூடவே வளரும். விட்டுவிட்டால் வால்யூம் பெருத்திருக்கும், டிஎஃப் பழைய கணக்கையே சொல்லும். வளர்த்த பிறகு டிஎஃப்பைப் பார்க்காமல் அடுத்த கேள்விக்குப் போகாதீர்கள்.