விலங்கியல் டீச்சரும் பி53 மரபணுவும்

நம் பள்ளியில் விலங்கியல் எடுத்தவர்கள் யாரும் டீச்சரின் மைட்டாசிஸ் (செல் பிரிதல்) வகுப்பை மறந்திருக்க மாட்டீர்கள். கலர் சாக்பீஸில் குரோமோசோம்களை வரைந்து, அழித்து, நகர்த்தி, கரும்பலகையிலேயே ஒரு செல்லை இரண்டாக்கிக் காட்டிவிடுவார். "எப்போ நிறுத்தணும்னு செல்லுக்கு எப்படி டீச்சர் தெரியும்?" என்று கடைசி பெஞ்சிலிருந்து ஒரு கேள்வி வந்தது. இப்போது நான் வேலை பார்க்கும் புற்றுநோய் ஆய்வகத்தில் எங்கள் எல்லாருக்கும் அதுதான் கேள்வி.

நிறுத்துவதற்கென்றே சில மரபணுக்கள் இருக்கின்றன. குழந்தைகளுக்கு வரும் விழித்திரைப் புற்றுநோயை ஆராய்ந்த ஆல்ஃபிரட் நட்சன், ஒரு மரபணுவில் இரண்டு முறை அடி விழுந்தால்தான் இந்த நோய் வரும் என்று 1971-இல் சொன்னார். அந்த மரபணுதான் ஆர்பி. அம்மாவிடமிருந்து ஒன்று, அப்பாவிடமிருந்து ஒன்று என்று நமக்கு இரண்டு பிரதிகள் உண்டு, ஒன்று கெட்டாலும் மற்றது சமாளித்துக்கொள்ளும். பிறக்கும்போதே ஒன்று கெட்டிருந்தால் இன்னொரு அடியே போதும், அதனால்தான் அந்தக் குழந்தைகளில் பலருக்கு இரண்டு கண்ணிலும் வருகிறது.

அப்புறம் பி53. எனக்கு மிகவும் பிடித்த புரதம், இதைப் பற்றி எவ்வளவு வேண்டுமானாலும் பேசுவேன். டிஎன்ஏ சேதமானால் செல்லில் இதன் அளவு ஏறும், பி21 என்ற புரதத்தை உண்டாக்கிப் பிரிவதை நிறுத்தி வைக்கும், பழுது பார்க்க முடிந்தால் சரி, முடியாவிட்டால் பூமா, பேக்ஸ் போன்ற புரதங்களைக் கிளப்பி செல்லுக்கு ஆற்றல் தரும் மைட்டோகாண்ட்ரியாவைத் துளைக்க வைத்து அந்த செல்லையே சாகடித்துவிடும். மனிதப் புற்றுநோய்களில் ஏறக்குறைய பாதியில் இந்தப் புரதத்தை உண்டாக்கும் மரபணு பிறழ்ந்திருக்கிறது. பெரும்பாலும் புரதத்தின் கண்ணிகளான அமினோ அமிலங்களில் ஒரே ஒன்றுதான் மாறியிருக்கும். ஆனால் பி53 நான்கு நான்காகச் சேர்ந்து வேலை செய்வதால், கெட்டது ஒன்று உள்ளே நுழைந்தால் கூட இருக்கும் நல்லவற்றையும் முடக்கிவிடும்.

புற்றுநோய் என்றாலே வேகமாக வளரும் செல் என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். சாக வேண்டிய நேரத்தில் சாகாமல் இருப்பதும் அதே அளவு முக்கியம் என்று எல்லாரிடமும் சொல்லிக்கொண்டே இருக்கிறேன். ஆர்பி மட்டும் போனால் செல் கட்டில்லாமல் பிரியத் தொடங்கும், ஆனால் பல நேரம் பி53 அதைக் கண்டுகொண்டு கொன்றுவிடும். இரண்டும் போனால் தடுக்க ஆளில்லை. கதிர்வீச்சும் பல கீமோ மருந்துகளும் டிஎன்ஏவைச் சேதப்படுத்தித்தான் வேலை செய்கின்றன, அந்தச் சேதத்தைப் பார்த்து "செத்துப் போ" என்று சொல்ல பி53 இல்லாத கட்டிகள் பலவற்றில் சிகிச்சை எடுபடாமல் போவதும் இதனால்தான்.

பிறழ்ந்த பி53-ஐ மறுபடி சரியான வடிவத்துக்குத் திருப்பும் மருந்துகளை இப்போது நோயாளிகளிடம் சோதித்து வருகிறார்கள். பள்ளியில் இப்போது உயிரியல் படிக்கும் பிள்ளைகள் யாருக்காவது இதில் ஆர்வம் இருந்தால் நம் முன்னாள் மாணவர் சங்கம் வழியாக எனக்கு எழுதச் சொல்லுங்கள், உட்கார்ந்து பொறுமையாகப் பதில் போடுகிறேன்.